கட்டட வேலைக்குச் செல்வோர் அறிய வேண்டிய சட்டம்

(சிம்பாங் அம்பாட்டில் தோட்டத் தொழிலாளர்களிடையே ஆற்றிய உரை)

 

ரப்பர் மரத்தை நம்பி வாழும் நம்மிடம் கட்டடத் தொழிலின் சட்டத்தைப் பற்றிப் பேச இவர் ஏன் வந்திருக்கிறார் என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். அதற்குரிய விடை, நாம் கூடியிருக்கும் இவ்வூரிலேயே இருக்கிறது. சிம்பாங் அம்பாட்டைச் சுற்றி ஒரு காலத்தில் மரங்கள் நின்ற தோட்ட நிலங்களில் இன்று வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்பேட்டைகளும் எழுந்துள்ளன. அருகிலுள்ள பத்து காவானிலிருந்து கடலைக் கடந்து பினாங்குத் தீவை எட்டும் இரண்டாவது பாலம் 2014ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் நாள் திறக்கப்பட்டது. அதன் பின்னர் இவ்வட்டாரத்தில் கட்டட வேலை இன்னும் பெருகியது.

வேலை பெருகினால் ஆள் தேவைப்படும். இலையுதிர் காலத்தில் பால் குறையும்போதும், அடைமழையில் பால் வெட்டு நின்றுவிடும்போதும், நம் தோட்டத்து ஆடவர்கள் பத்து நாள், இருபது நாள் என்று கட்டட வேலைக்குச் செல்கின்றனர். பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளைகளோ அதையே முழுநேரத் தொழிலாகக் கொள்கின்றனர். உழைத்துப் பொருளீட்டுவது போற்றத்தக்கதே. ஆயினும் உயிரிழப்பு மிகுந்த தொழில்களின் வரிசையில் கட்டுமானத் தொழில் முன்னணியில் நிற்கிறது என்பதையும் நாம் மறத்தலாகாது.

கண்ட விரிசலைச் சொல்லாத குற்றம்

நானும் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவன்தான். பத்தொன்பது வயதில், நாட்கூலிக்கு ஒரு கட்டட வேலைக்குச் சென்றேன். கழிவுநீர்க் குழாய் புதைப்பதற்காக ஆள் உயரத்திற்கும் மேலாக வெட்டிய பள்ளத்தில் இறங்கி மண் அள்ளுவது என் வேலை. பக்கங்களுக்குப் பலகையோ முட்டுக்கட்டையோ கொடுக்கப்படவில்லை. முன்னாள் இரவில் மழை பெய்திருந்தது. காலையில் இறங்கும்போதே பள்ளத்தின் விளிம்பை ஒட்டி, விரல் நுழையும் அளவிற்கு ஒரு விரிசல் ஓடியிருந்ததைக் கண்டேன். கண்டும் நான் வாய் திறக்கவில்லை. புதிதாக வந்தவன் குறை கூறுகிறான் என்பார்களோ, நாளைக்கு வேலை இல்லை என்று அனுப்பிவிடுவார்களோ என்று அஞ்சினேன்.

பத்து மணியளவில் மண் சரிந்தது. இடுப்பளவு புதைந்தேன். உடனிருந்தவர்கள் மண்வெட்டியை எறிந்துவிட்டுக் கைகளாலேயே தோண்டி என்னை வெளியே எடுத்தனர். ஒரு கால் முறிந்தது; மூன்று மாதம் படுக்கையில் கிடந்தேன். என் பெயரில் சொக்சோ சந்தா ஒரு காசும் கட்டப்பட்டிருக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிய வந்தது. அந்த மூன்று மாதமும் என் தாயார் தம் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்து வீட்டை நடத்தினார்.

ஒரு கன மீட்டர் மண்ணின் எடை ஏறத்தாழ ஒன்றரை டன். அது ஏறத்தாழ ஒரு காரின் எடைக்குச் சமமாகும். மார்பளவு புதைந்திருந்தால் மூச்சு விட வழியின்றி நான் அங்கேயே மாண்டிருப்பேன். பலகை அடிக்காதது குத்தகையாளரின் குற்றம். கண்ட விரிசலைச் சொல்லாமல் இருந்தது என் குற்றம். அந்த இரண்டாவது குற்றத்தை நீங்கள் செய்யலாகாது என்பதைக் கூறவே இங்கு வந்துள்ளேன்.

பினாங்கு கண்ட துயரங்கள்

இஃது எனக்கு மட்டும் நேர்ந்தது அன்று. நம் பினாங்கு மாநிலத்திலேயே நாடறிந்த நிகழ்ச்சிகள் உண்டு. 2013ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள், இரண்டாவது பாலத்தின் பத்து மாவுங் பக்கத்து இணைப்புச் சாலை, கட்டி முடியும் முன்பே சரிந்து விழுந்து ஓர் உயிரைக் கொண்டது. 2017ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் காலையில் தஞ்சோங் பூங்காவில், அடுக்குமாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த இடத்தில் மண்சரிவு ஏற்பட்டுப் பதினொருவர் உயிரிழந்தனர். அதனை ஆராய மாநில அரசாங்கம் ஒரு விசாரணை ஆணையத்தை அமைத்தது.

ஓராண்டு உருண்டோடியது. 2018ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள், புக்கிட் கூக்குஸ் சாலைத் திட்டத்தில் கான்கிரீட் உத்தரங்கள் சரிந்து விழுந்தன. சரியாக எட்டு நாள் கழித்து, அக்டோபர் 19ஆம் நாள், அதே திட்டத்தின் மலைச்சரிவு இடிந்து விழுந்து ஒன்பது தொழிலாளர்களைப் பலிகொண்டது. இவ்விரு மண்சரிவுகளிலும் மாண்டவர்களுள் பெரும்பாலோர் அயல்நாடுகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். நம் பாட்டன்மார் கப்பலேறி வந்ததைப் போலவே அவர்களும் வந்தார்கள். ஊரில் காத்திருந்த குடும்பங்களுக்குப் பணத்திற்குப் பதிலாகச் சவப்பெட்டி சென்றது.

தோட்டத்திற்கும் கட்டடத்திற்கும் ஒரே சட்டம்

பாட்டாளித் தோழர்களே! இத்தகைய துயரங்களைத் தடுப்பதற்கென்றே நம் நாட்டில் சட்டங்கள் உள்ளன. முன்னாளில் 1967ஆம் ஆண்டின் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் இருந்தது. அதன்கீழ் 1986ஆம் ஆண்டில் கட்டட வேலைக்கான பாதுகாப்பு விதிகள் இயற்றப்பட்டன. பிறகு 1994ஆம் ஆண்டில் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வந்தது. கட்டுமானம், விவசாயம் ஆகிய இரண்டையும் அது தன் குடைக்கீழ்க் கொண்டுவந்தது. 2022ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட அச்சட்டம் 2024ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் நாள் முதல் நடப்பில் உள்ளது. பழைய 1967ஆம் ஆண்டுச் சட்டம் அதே நாளில் நீக்கப்பட்டது. ஆகவே, நீங்கள் காலையில் நிரையில் நின்றாலும் மாலையில் சாரத்தின்மீது நின்றாலும் உங்களைக் காப்பது ஒரே சட்டம்தான்.

அச்சட்டம் கூறும் முதன்மையான செய்திகளை எளிமையாகச் சொல்கிறேன்.

முதலாவது, வேலையிடத்தைப் பாதுகாப்பாக வைத்திருப்பது முதலாளியின் கடமை. ஆபத்து எங்கே இருக்கிறது என்பதை முன்கூட்டியே ஆராய்ந்து, அதைக் குறைக்க அவர் வழி செய்ய வேண்டும். இக்கடமையில் தவறுவோருக்கு முன்பு 50,000 வெள்ளியாக இருந்த உச்ச அபராதம் இப்போது 500,000 வெள்ளி. அத்துடன் இரண்டாண்டு வரை சிறைத் தண்டனையும் விதிக்கப்படலாம்.

இரண்டாவது, "இவன் என் ஆள் அல்லன், துணைக் குத்தகையாளரின் ஆள்" என்று கூறித் தலைமைக் குத்தகையாளர் கைகழுவிவிட முடியாது. தம்மிடம் குத்தகை எடுத்தவரின் தொழிலாளர்களுடைய பாதுகாப்பிற்கும் அவர் பொறுப்பாளியாவார். 2024ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட கட்டுமான வேலைக்கான விதிகள், கட்டடத்தின் உரிமையாளருக்கும் அதை வரைந்து கொடுக்கும் வடிவமைப்பாளருக்கும்கூடக் கடமைகளை வகுத்துள்ளன.

மூன்றாவது, சட்டப்படி தரவேண்டிய பாதுகாப்புத் தொப்பி, காலணி, உயரத்தில் கட்டிக்கொள்ளும் பாதுகாப்பு வார் ஆகியவற்றிற்காக உங்கள் கூலியில் பணம் பிடிக்கக் கூடாது. பிடித்தால் அது சட்ட மீறல்.

நான்காவது, நாற்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு, சுகாதாரக் குழு அமைக்கப்பட வேண்டும். தொழிலாளர்களின் பேராளர்களும் அதில் இடம்பெற வேண்டும். ஐவரோ அதற்கு மேலோ வேலை செய்யும் சிறிய இடங்களிலும் பாதுகாப்பைக் கவனிக்க ஒருவர் பொறுப்பேற்க வேண்டும்.

ஆபத்திலிருந்து விலகும் உரிமை

இனி நான் கூறப்போவதை மட்டும் மறவாது மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். மற்றவற்றை மறந்தாலும் பாதகமில்லை.

நிரையில் பால் வெட்டிக்கொண்டிருக்கும்போது பெருங்காற்று வீசி, கிளைகள் முறியத் தொடங்கினால் நாம் என்ன செய்கிறோம்? கத்தியையும் வாளியையும் எடுத்துக்கொண்டு வெட்டவெளிக்கு வந்துவிடுகிறோம். அவ்வாறு வந்தவரைக் கோழை என்று எவரும் ஏசுவதில்லை. அது தோட்டத்து அறிவு. அதே அறிவை இன்று சட்டம் எழுத்தில் வடித்துத் தந்திருக்கிறது. சட்டத்தின் 26ஏ பிரிவு அதனைக் கூறுகிறது. உயிருக்கோ உடலுக்கோ கடும் தீங்கு விளையப்போகிறது என்று நம்புவதற்குத் தக்க காரணம் இருந்து, அதை முதலாளியிடம் தெரிவித்த பின்னரும் அவர் நடவடிக்கை எடுக்கத் தவறினால், தொழிலாளி அவ்விடத்தை விட்டு விலகிக்கொள்ளலாம். அதற்காக அவருக்குத் தீங்கு எதுவும் இழைக்கக் கூடாது.

இதில் ஒரு முறை இருக்கிறது, அதைக் கவனியுங்கள். முதலில் மேற்பார்வையாளரிடம் தெளிவாகக் கூறுங்கள். ஒருவர் கூறுவதைவிட மூவர் சேர்ந்து கூறுவது நல்லது. கைப்பேசியில் ஒரு படம் எடுத்து அனுப்பி வைத்தால் அதுவே சான்றாகும். பள்ளத்தினுள் நின்றுகொண்டுதான் கூற வேண்டும் என்பதில்லை. மேலே ஏறி நின்றும் கூறலாம்! அதன் பிறகும் கேட்கவில்லையென்றால், மனிதவள அமைச்சின் கீழுள்ள வேலையிடப் பாதுகாப்பு, சுகாதார இலாகாவிடம் முறையிடுங்கள். வேலையை நிறுத்த ஆணையிடும் அதிகாரம் அவ்விலாகாவிற்கு உண்டு. முறையிட்ட காரணத்திற்காக உங்களை வேலையிலிருந்து நீக்குவதும் குற்றமே.

எவற்றைக் கண்டால் எச்சரிக்கையடைய வேண்டும்? பள்ளத்தின் விளிம்பிலோ மலைச்சரிவின் உச்சியிலோ புதிய விரிசல். மழைக்குப்பின் மண்ணிலிருந்து கசியும் கலங்கல் நீர். காரணமின்றி உருண்டு வரும் சிறு கற்கள். இளகிய மண்மீதோ செங்கல்மீதோ ஊன்றிய சாரக்கால். கைப்பிடித் தடுப்பு இல்லாத உயரம். தலைக்குமேல் பாரந்தூக்கியில் தொங்கும் சுமை. தண்ணீரில் கிடக்கும் மின்கம்பி. இவற்றைக் காண்பதற்குப் பொறியியல் பட்டம் தேவையில்லை. மரப்பட்டையில் கத்தி எவ்வளவு ஆழம் இறங்கலாம் என்பதை நூலளவு பிசகாமல் அறிந்த உங்கள் கண்களே போதும்.

நம் கடமையும் உண்டு

உரிமையைப் பேசுகிற நாம் கடமையைப் பேசாமல் விடலாகாது. தம்மையும் உடன் வேலை செய்வோரையும் காத்துக்கொள்வதும், கொடுத்த பாதுகாப்புச் சாதனத்தை அணிவதும் தொழிலாளியின் கடமை என்று அதே சட்டம் கூறுகிறது. வெயிலாக இருக்கிறது என்று தொப்பியைக் கழற்றி வைப்பதும், ஐந்து நிமிட வேலைதானே என்று வாரைக் கட்டாமல் ஏறுவதும் வீரமாகா. மீறுவோருக்குத் தண்டனையும் உண்டு. சட்டத்தின் தண்டனையைவிட, வீட்டிலிருப்போர் அனுபவிக்கும் தண்டனை பெரிது.

சொக்சோ: முதல் நாளே கேளுங்கள்

இறுதியாக ஒன்று. கட்டட வேலைக்குச் செல்லும் முதல் நாளே, "எனக்குச் சொக்சோ சந்தா கட்டுகிறீர்களா?" என்று கேளுங்கள். 1969ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் நாட்கூலிக்காரரையும் விட்டுவிடவில்லை. வேலையிடத்தில் மட்டுமன்றி, வீட்டிலிருந்து வேலைக்குச் செல்லும் வழியில் விபத்து நேர்ந்தாலும் அதற்குப் பாதுகாப்பு உண்டு. விபத்து நாள் உட்பட நான்கு நாளுக்குக் குறையாத மருத்துவ விடுப்பு கிடைத்தால், சராசரி நாள் ஊதியத்தில் 80 விழுக்காடு உதவித்தொகையாகக் கிடைக்கும். விபத்து நேர்ந்தால் 48 மணி நேரத்திற்குள் முதலாளி சொக்சோவிற்குத் தெரிவிக்க வேண்டும். அவர் தெரிவிக்கவில்லையென்றால் நீங்களோ உங்கள் குடும்பத்தாரோ நேரே சொக்சோ அலுவலகத்திற்குச் செல்லுங்கள். வேலையிடத்தின் பெயர், குத்தகையாளரின் பெயர், வேலை செய்த நாட்கள், பெற்ற கூலி ஆகியவற்றை ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அடகுக் கடைச் சீட்டைவிட அந்த நோட்டுப் புத்தகம் குடும்பத்திற்கு உதவும்.

தாய்மார்களே! உங்களிடம் ஒரு வேண்டுகோள். மகன் வேலை முடிந்து வீடு திரும்பியதும் "இன்றைக்கு எவ்வளவு கூலி?" என்று கேட்பது இயல்பு. அத்துடன், "இன்றைக்கு எங்கே நின்று வேலை செய்தாய்? வார் கட்டியிருந்தாயா?" என்றும் கேளுங்கள். என் தாயார் அன்று அவ்வாறு கேட்க வேண்டும் என்று அவருக்கு எடுத்துக் கூற எவரும் இல்லை. இன்று உங்களுக்குக் கூற நான் வந்திருக்கிறேன்.

இளைஞர்களே! நீங்கள் கட்டும் வீடுகளில் யார் யாரோ குடியேறி வாழப்போகிறார்கள். வாழட்டும். அவற்றைக் கட்டிய நீங்களும் ஒவ்வொரு நாள் மாலையும் முழு உடம்போடு உங்கள் வீடு திரும்ப வேண்டும். மண்ணில் விரிசலைக் கண்டால் மேலே ஏறுங்கள். ஏறி, வாய் திறந்து கூறுங்கள். சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது.