புலம்பெயர் தொழிலாளரும் வந்த ஊரின் கடமையும்

பிழைப்பு நாடி வேற்று மாநிலம் செல்லும் தொழிலாளி, அங்கே கூலிக்கு உழைப்பவராக மட்டுமே இருப்பாரா, அன்றி அவ்வூர்ச் சமுதாயத்தின் உறுப்பினராகவும் ஆவாரா என்பதே இவ்வுரையின் பொருள். அதற்கான விடை, புலம்பெயர்ந்தோர் யாவர் என அரசு வகுக்கும் வரையறையிலிருந்தே தொடங்குகிறது.

இவ்வரையறை ஒன்றல்ல. மக்கள் தொகைக் கணக்கெடுப்பு, முன்பு வசித்த ஊரை விட்டு வேறிடத்தில் வசிப்போர் அனைவரையும் இவ்வகையில் சேர்க்கிறது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி இவர்கள் சுமார் 45 கோடிப் பேர். மணமாகி அடுத்த ஊருக்குச் சென்ற பெண்களும் இவர்களுள் அடங்குவர். 1979-ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையிலான புலம்பெயர் தொழிலாளர் சட்டமோ, ஒப்பந்தக்காரர் வழியே திரட்டப்பட்டவரை மட்டுமே கருத்திற்கொண்டது. தாமே ரயிலேறி வந்து வேலை தேடிக்கொண்டவர் அதன் பாதுகாப்புக்கு வெளியே நின்றார். 2020-இல் இயற்றப்பட்டு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் இவரையும் சேர்த்துக்கொண்டது. எனினும், புலம்பெயர்ந்தோருக்கான அதன் சிறப்புப் பகுதி, அத்தகைய தொழிலாளர் 10 பேரேனும் பணிபுரியும் நிறுவனங்களுக்கே பொருந்தும். இருவர், மூவரை வைத்து நடத்தும் சிற்றுண்டிச் சாலை இவ்வெல்லைக்குள் வராது.

உரிமைகள் ஊரோடு கட்டுண்டு கிடப்பதன் விளைவை 2020 மார்ச் மாத ஊரடங்கு நாடறியச் செய்தது. வேலை நகரத்தில் இருந்தது. உணவுப் பங்கீட்டு அட்டையோ பிறந்த ஊரில் இருந்தது. வேலை நின்றதும் பல்லாயிரவர் நடந்தே ஊர் திரும்பினர். 2019-இல் நான்கு மாநிலங்களில் தொடங்கிய 'ஒரே நாடு, ஒரே குடும்ப அட்டை' ஏற்பாடு, 2022 ஜூனில் எல்லா மாநிலங்களையும் எட்டியது. தொழிலாளி தம் பங்கை நகரத்திலும், குடும்பத்தார் எஞ்சியதை ஊரிலும் பெறலாம். உரிமை மனிதரைப் பின்தொடரும் இம்முறை, பிற துறைகளுக்கும் வழிகாட்டியாகும்.

உணவோடு ஒருங்கிணைப்பு முடிந்துவிடுவதில்லை. அது வந்தோர், இருந்தோர் ஆகிய இருசாராரும் ஒருவர்க்கொருவர் இசைந்து செல்வது என 2004-இல் ஐரோப்பிய ஒன்றியம் வகுத்த அடிப்படைக் கோட்பாடு கூறுகிறது. கேரளத்தில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டுகள் உண்டு. 2017-இல் பெரும்பாவூரில் தொடங்கிய 'சங்ஙாதி' திட்டம் தொழிலாளருக்கு மலையாளம் கற்பிக்கிறது. அதே ஆண்டு எர்ணாகுளம் மாவட்டத்தில் தோன்றிய 'ரோஷ்ணி' திட்டம், அவர்தம் பிள்ளைகளுக்கு அவர்களுடைய தாய்மொழி அறிந்த தன்னார்வலரைக் கொண்டு பள்ளியில் துணை செய்கிறது. ஒன்றில் தொழிலாளி ஊரின் மொழியைக் கற்கிறார். மற்றொன்றில் பள்ளி பிள்ளையின் மொழியை ஏற்கிறது.

எஞ்சி நிற்பது வாக்குரிமை. 1950-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒருவர் வழக்கமாக வசிக்கும் தொகுதியிலேயே வாக்காளராகப் பதிவு பெறலாம். ஆயின், கட்டடப் பணியிடத்துக் கொட்டகையில் தங்கியிருப்பவருக்கு முகவரிச் சான்று எளிதில் கிட்டுவதில்லை. வாக்கில்லாத குடியிருப்பின் குடிநீர்க் குறை நகராட்சி மன்றத்தில் எழுவதும் அரிது. ஆகவே, அவர் வாழும் இடத்தையே முகவரியாக ஏற்று அவரைப் பதிவு செய்வது, உள்ளூர் அலுவலர் தொடங்கவேண்டிய முதற்பணி ஆகும்.