ஆற்று மீனும் ஆலைக் கழிவும்



சந்தையில் மீன் வாங்குவோர் முதலிற் பார்ப்பது அதன் பூவையே. பூ சிவந்திருந்தால் மீன் நல்லது என்பர். அந்தப் பூவினாலேயே மீன் மூச்சு விடுகின்றது. நீரிற் கரைந்துள்ள ஒட்சிசனை அதுவே இரத்தத்திற் சேர்க்கின்றது.

ஆலைக் கழிவுநீர் இந்த மூச்சைப் பலவாறு கெடுக்கின்றது. சீனி, தோல், கடதாசி, இறப்பர் ஆலைகளின் அழுகும் கழிவை நுண்ணுயிர்கள் உண்ணும்போது நீரிலுள்ள ஒட்சிசன் செலவாகிவிடுகின்றது. மீன் நீர்மட்டத்துக்கு வந்து வாய் பிளக்கின்றது. சுடுநீரும் கலந்தால் இடர் மிகும். 0 பாகை சதமவளவையில் ஒரு லீற்றர் நன்னீர் ஏறக்குறைய 14.6 மில்லிகிராம் ஒட்சிசனைக் கொள்ளும். 30 பாகையிலோ 7.5 மில்லிகிராம் மட்டுமே. செம்பு, நாகம் முதலிய உலோகங்கள் பூவின் மெல்லிய தோலைச் சிதைக்கும். இரசமோ தசையிற் படிந்து, சிறுமீனை உண்ணும் பெருமீனிற் பெருகி, அதனை உண்பவரையும் வந்தடையும்.

உடனே இறவாத மீனும் நலமுடையதன்று. அது வளர்ச்சி குன்றும், நோய்க்கு இலக்காகும், முட்டையிடுதலும் குறையும். இவையெல்லாம் ஓசையின்றி நிகழ்வன.

1986 நவம்பர் 1ஆந் திகதி சுவிற்சலாந்தின் பாசல் நகருக்கருகே இரசாயனப் பண்டகசாலையொன்று தீப்பற்றியது. தீயணைத்த நீர் பூச்சிநாசினிகளை ரைன் நதியிற் சேர்த்தது. ஏறக்குறைய 400 கிலோமீற்றர் தூரத்துக்கு விலாங்குகள் மடிந்தன. ஐரோப்பா பதறியது. ஆயின் அந்நதியின் சமன் மீன்கள், கழிவாலும் அணைகளாலும், பல்லாண்டுகளுக்கு முன்னரே சிறிது சிறிதாக அற்றுப்போயிருந்தன. அப்போது இத்தகைய பதற்றம் எழவில்லை. 1987இல் நதிக்கரை நாடுகள் ஒன்றுகூடிச் செயற்றிட்டம் வகுத்தன. கழிவு குறைந்தது, மீன்குஞ்சுகள் விடப்பட்டன. 1990இல் ரைனின் கிளையாறாகிய சீக்கில் சமன் மீண்டும் தோன்றியது.

நம் நாட்டுக்கும் இதிற் பாடம் உண்டு. கொழும்பு மாநகரின் குடிநீரிற் பெரும்பகுதி அம்பத்தலையிற் களனி கங்கையிலிருந்தே எடுக்கப்படுகின்றது. அந்நதிக்கரையிலும் ஆலைகள் உள. ஆலைகள் வேண்டாமென்று நாம் கூறவில்லை. அவற்றால் எத்தனையோ வீடுகளில் அடுப்பெரிகின்றது. கழிவைச் சுத்திகரித்த பின்னரே ஆற்றில் விடுக என்கின்றோம். மீன் செத்து மிதக்கும்வரை காத்திருத்தல் அறிவுடைமையன்று. மீன் குறையும்போதே ஏனென்று கேட்கும் கண்ணும் நாவும் இளைஞராகிய நமக்கு வேண்டும். மீன் மூச்சுவிட முடியாத நீர் நம் குடத்துக்கும் உரியதன்று.