ஒரு ஆளுக்கு ஒரு சட்டி

(வெளியிடங்களுக்கு வேலைக்குச் செல்லவிருக்கும் இளைஞர், யுவதிகளுக்காகத் தோட்டத்தில் நடைபெற்ற கூட்டத்தில், தோட்டத்திலே பிறந்து வளர்ந்து கொழும்பில் தொழில் புரியும் அன்பர் ஒருவர் ஆற்றிய உரை.)



இன்றைக்கு நான் சமையலைப் பற்றிப் பேசப் போகிறேன். பின்னால் இருக்கும் தம்பிமார் சிரிக்கிறார்கள். சிரியுங்கள். நானும் உங்களைப் போலச் சிரித்தவன்தான். அப்புறம் அழுதேன். அந்தக் கதையை முதலில் சொல்கிறேன்.

1994ஆம் ஆண்டு, எனக்கு 18 வயது. கொழும்பிலே ஒரு மொத்த வியாபாரக் கடையில் வேலை கிடைத்தது. பகல் சாப்பாடு கடையில் தருவார்கள். காலையும் இரவும் நம்ம பாடு. வீட்டில் நான் ஒரு சாயத் தண்ணி கூட ஊற்றிப் பழகியதில்லை. அடுப்பங்கரைப் பக்கம் போனால், "ஆம்பளப் பிள்ளைக்கு இங்க என்ன வேலை?" என்று அம்மாவே விரட்டி விடுவார்.

கொழும்புக்குப் போய்க் கடைச் சாப்பாடு வாங்கிப் பார்த்தேன். சம்பளத்தில் பாதி அதற்கே போனது. வீட்டுக்குக் காசு அனுப்ப வேண்டுமே! அதனால் காலையில் பாணும் பிளேன்டீயும், இரவில் பிளேன்டீயும் பாணும் என்று ஆக்கிக்கொண்டேன். ஐந்து மாதம் அப்படி ஓடியது. ஒரு நாள் மூட்டையைத் தூக்கும்போது கண் இருட்டி விழுந்து விட்டேன். டொக்டர் பார்த்துவிட்டு, "ரத்தம் குறைவு, என்ன சாப்பிடுகிறாய்?" என்று கேட்டார். சொல்ல வெட்கமாக இருந்தது. வாயைக் கட்டி மிச்சம் பிடித்த காசு முழுவதும் மருந்துக்கும், வேலைக்குப் போகாத நாட்களுக்கும் சரியாய்ப் போனது.

அறையில் கூட இருந்த ஹட்டன் பக்கத்து அண்ணன் ஒருவர்தான் சமைக்கச் சொல்லிக் கொடுத்தார். முதல் நாள் சோறு அடியில் கரி, மேலே அரிசி. "பரவாயில்ல தம்பி, நடுவுல இருக்கிறத சாப்பிடு" என்றார். இரண்டாம் வாரம் ஒழுங்காக வந்து விட்டது.

அவர் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். ஒரு ஆளுக்கு ஒரு நேரத்துக்கு அரைச் சுண்டு அரிசி போதும். கல் பொறுக்கி, கழுவி, சின்னச் சட்டியில் போடுங்கள். அரிசிக்கு மேலே விரலின் முதல் கணு அளவு தண்ணீர் நிற்க வேண்டும். கொதித்ததும் தீயைக் குறைத்து மூடி விடுங்கள். தண்ணீர் வற்றியதும் அடுப்பை அணைத்துவிட்டு, மூடியைத் திறக்காமல் பத்து நிமிடம் வையுங்கள். மிச்சம் அந்தச் சூட்டிலேயே வெந்துவிடும். இது எண்ணெய் மிச்சம் பிடிக்கும் வழி. 2022 ஆகஸ்ட் மாதம் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஒரே தடவையில் ஏறியபோது, இந்தப் பத்து நிமிடத்தின் அருமை பலருக்குத் தெரிந்தது.

அடுத்தது பருப்பு. மைசூர்ப் பருப்பை ஊறப்போட வேண்டியதில்லை. இரண்டு கைப்பிடி பருப்பு, ஒரு வெங்காயம், ஒரு பச்சை மிளகாய், இரண்டு பல் பூடு, கொஞ்சம் மஞ்சள். மூழ்கத் தண்ணீர் ஊற்றி அவிய விடுங்கள். உப்பு கடைசியில். தேங்காய்ப்பால் இருந்தால் கொஞ்சம், இல்லாவிட்டால் பரவாயில்லை. இங்கே அம்மா அவிக்கும் நேரத்தைக் கணக்கு வைத்துக் கொழும்பில் அவிக்காதீர்கள். நுவரெலியா 6,000 அடிக்கு மேலே இருக்கிறது. உயரம் கூடினால் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும், பருப்பு அவிய நேரம் எடுக்கும். கொழும்பில் சீக்கிரம் அவிந்துவிடும். நான் இது தெரியாமல் இரண்டு தடவை சட்டியைத் தீய்த்தேன்.

இந்தப் பருப்பிலேயே ஒரு பிடி கீரையைக் கிள்ளிப் போட்டால் இன்னொரு கறி தேவையில்லை. முருங்கை இலை, பொன்னாங்காணி, கங்குன், எது மலிவோ அது. ஒரு நாள் முட்டை, ஒரு நாள் சோயா மீட், ஒரு நாள் கொஞ்சம் நெத்தலி. இவ்வளவுதான் ஒரு வாரத்துச் சமையல்.

ரொட்டி கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. ரொட்டியில் வளர்ந்த உடம்புதான் இது. ஆனால் ரொட்டியும் சாயத் தண்ணியும் மட்டும் போதாது. அரிசியில் குறைவாய் உள்ள சத்து பருப்பில் இருக்கிறது, பருப்பில் குறைவானது அரிசியில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் உடம்புக்குப் பலம். இன்னொன்று, நாம் பறிக்கிற தேயிலையைப் பற்றி நாமே தெரிந்துகொள்ள வேண்டும். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தை உடம்பு சரியாக எடுக்காது. ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். சோற்றில் கொஞ்சம் தேசிக்காய்ப் புளி விட்டால் அந்தச் சத்து நன்றாய்ச் சேரும்.

கொழும்பு வெயிலில் காலையில் வைத்த பருப்பு மாலையில் புளித்துவிடும். அன்றைக்கு வேண்டியதை மட்டும் சமையுங்கள். மண்ணெண்ணெய் அடுப்பு எரியும்போது எண்ணெய் ஊற்றாதீர்கள். கதவு ஜன்னலை அடைத்துக்கொண்டு எரிக்காதீர்கள்.

கார்மண்டுக்குப் போகும் தங்கைகளே, உங்களுக்கும் இதுதான். "அலுப்பா இருக்கு" என்று பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் படுக்காதீர்கள். மனைவி வெளிநாடு போய்த் தனியாக இருக்கும் அண்ணன்மாரே, பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்து சமைக்கட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. 1996இல் கண் காட்டுவதற்காக அம்மா கொழும்புக்கு வந்தார். நான் சோறு ஆக்கி, பருப்பும் கீரையும் வைத்து, பாயில் உட்கார வைத்துப் போட்டுக் கொடுத்தேன். அம்மா கொஞ்ச நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். லயத்தில் நாங்கள் எல்லோரும் சாப்பிட்ட பிறகு, சட்டியில் ஒட்டியிருப்பதை வழித்துத்தான் அவர் சாப்பிடுவார். அவருக்கு ஒருவர் சுடச்சுடப் போட்டுக் கொடுத்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "உப்பு சரியா இருக்கு தம்பி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

தாய்மார்களே, வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகனை அடுப்பங்கரைக்குக் கூப்பிடுங்கள். அரைச் சுண்டு அரிசியைக் கையில் கொடுங்கள். கருகினாலும் திட்டாதீர்கள். இங்கே கருகட்டும். போன இடத்தில் அவன் விழாமல் இருப்பான்.