கூமுட்டைக்குச் சேவலும் காரணம்



கோட்டுச்சேரி, நெடுங்காடு, திருநள்ளாறு என்று நம்ம காரைக்கால் பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் கொல்லையில் நாலு நாட்டுக்கோழி மேயும். பத்து முட்டையை அடை வைத்து, 21 நாள் காத்திருந்து, பாதி கூமுட்டையாகப் போனால் மனசு கேட்குமா? உடனே பெட்டையைத்தான் குறை சொல்லி விற்றுவிடுகிறோம். சேவலை யாரும் நினைப்பதில்லை.

அறுவடையில் விதைநெல்லைத் தனியே எடுத்து வைக்கிறோம் அல்லவா? கோழிக்கருவிலும் அப்படித்தான். அடை வைத்த மூன்று நாளுக்குள் அடுத்த தலைமுறைக்கான வித்தணுக்கள் இரத்தத்தோடு ஓடி, முதுகெலும்பை ஒட்டிய இடத்தில் போய்த் தங்கிவிடும். ஆறாம் நாள் வாக்கில் அந்த இடம் ஆண் விதையாகவோ சூலகமாகவோ உருவெடுக்கத் தொடங்கும்.

இதை முடிவு செய்வது மரபணு. சேவலுக்கு இரண்டு 'இசட்' குரோமோசோம். பெட்டைக்கு ஒரு 'இசட்', ஒரு 'டபிள்யூ'. 'இசட்'டில் உள்ள 'டிஎம்ஆர்டி-1' என்ற மரபணு இரட்டையாக இருந்தால் விதை வளரும். 2009-இல் ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் விஞ்ஞானிகள், ஆண் கருவில் இந்த மரபணுவின் வேலையைக் குறைத்துப் பார்த்தார்கள். விதை வளரவேண்டிய இடம் சூலகத்தின் சாயலுக்கு மாறிவிட்டது! ஆகவே குஞ்சு சேவலா, பெட்டையா என்பது தாய்க்கோழி கொடுக்கும் குரோமோசோமைப் பொறுத்தது. முட்டை கூராக இருந்தால் சேவல் என்பதெல்லாம் வெறும் நம்பிக்கை.

ஆனால் முட்டை கருக்கூட நல்ல சேவல் வேண்டும். விந்தணு முதிர ஏறக்குறைய இரண்டு வாரம் பிடிக்கும். கடும் வெயிலிலோ நோயிலோ சேவல் இன்று தளர்ந்தால், அதன் பாதிப்பு பின்னால்தான் முட்டையில் தெரியும். அதனால் இவற்றைக் கவனியுங்கள்:

1. அடை வைத்த ஏழாம் நாள் இரவில் முட்டையை டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். சிலந்தி போல் இரத்த நரம்பு தெரிந்தால் கரு வளர்கிறது. தெளிவாக இருந்தால் பெரும்பாலும் கருக்கூடாத முட்டை.

2. எல்லாப் பெட்டைகளின் முட்டையும் தெளிவாக இருந்தால் சேவலைச் சந்தேகியுங்கள். ஒரு பெட்டையின் முட்டை மட்டும் என்றால் அந்தப் பெட்டையைக் கவனியுங்கள்.

3. எட்டு, பத்து பெட்டைக்கு ஒரு சேவல் போதும். கூடப்பிறந்த சேவலை விடாமல் வேறு வீட்டுச் சேவலாகப் பார்த்து விடுங்கள்.

4. சேவலை மாற்றினால் மூன்று வாரம் பொறுங்கள். பழைய சேவலின் விந்து பெட்டையின் உடம்பில் அதுவரை தங்கியிருக்கலாம்.

5. சித்திரை வெயிலில் நிழலும் குளிர்ந்த தண்ணீரும் கொடுங்கள். பூஞ்சணம் பிடித்த குருணை, சோளம் வேண்டாம்.

பெட்டையைச் சந்தைக்கு அனுப்புமுன் சேவலையும் ஒரு பார்வை பாருங்கள். சந்தேகம் இருந்தால் கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். ஒரு நல்ல சேவல் கொல்லைக் கோழி அத்தனைக்கும் விதைநெல் மாதிரி.