தண்ணீருக்குப் பதில் மணல்

(ஆசிரியர் – மாணவர் சந்திப்பு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு மேடைப் பேச்சு வராது. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில மூணாங் கிளாஸ் டீச்சர் நான். நாள் முழுக்க எட்டு வயசுப் பிள்ளைங்ககிட்ட பேசுறவ. அதே மாதிரிதான் இங்கயும் பேச வரும், பொறுத்துக்குங்க.

‘செய்து கற்றல்’ பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் கையைப் பற்றிப் பேசுகிறேன். எந்தக் கை எதைத் தொடலாம் என்பதுதானே இந்த நாட்டில் சாதி.

1987இல் மத்திய அரசு கரும்பலகைத் திட்டம் என்று கொண்டுவந்து தொடக்கப் பள்ளிகளுக்குச் சாமான்கள் கொடுத்தது. நான் நாலாவது படிக்கும்போது எங்க பள்ளிக்கும் ஒரு பெட்டி வந்தது. உள்ளே காந்தம், தராசு, பூதக்கண்ணாடி. வகுப்புக்கு எடுத்து வந்தால் ஊர்ப் பிள்ளைகள் தொட்டுப் பார்ப்பார்கள். நாங்க பின்னால நின்னு எட்டிப் பார்ப்போம். ஆனா பெட்டி இருந்த தலைமையாசிரியர் அறையைப் பெருக்குறது சேரிப் பிள்ளைங்க முறை. முறை என்று சொல்கிறேன், ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்த முறை ஒரு நாளும் வந்ததில்லை.

ஒரு நாள் பெருக்கப் போனவ காந்தத்தைக் கையில எடுத்துட்டேன். கதவு நாதாங்கிகிட்ட கொண்டு போனா ‘டக்’னு புடிக்குது. விளக்குமாத்துல வச்சேன், புடிக்கல. சாக்பீசு, புடிக்கல. குண்டூசி டப்பா, அப்படியே அள்ளிக்கிட்டு வருது. விளக்குமாறு புண்ணியத்துல எனக்கு அறிவியல் வந்தது! சார் பார்த்துட்டார். பிரம்பை என் மேல வீசினார். எங்களை அடிக்கும்போதுகூட அவர் கை எங்க மேல பட்டதில்லை. காந்தத்தின் மேல தண்ணி தெளிச்சு உள்ள வச்சார்.

பம்பாய் எல்பின்ஸ்டன் பள்ளியில் அம்பேத்கரைக் கணக்குப் போட ஆசிரியர் கரும்பலகைக்குக் கூப்பிட்டபோது, பலகைக்குப் பின்னால் வைத்திருந்த சோற்றுப் பாத்திரங்களை எடுக்கச் சாதி இந்து மாணவர்கள் ஓடினார்களாம். அவர் கை பலகையில் படுமுன் பாத்திரம் நகர்ந்தாக வேண்டும். நாற்காலியில் இருக்கிறவர் சொல்ல, மற்றவன் கேட்டு ஒப்பிக்கிற கல்விக்குப் பின்னால் இருப்பது இந்தப் பாத்திரப் பயம்தான் என்று எனக்குத் தோன்றும்.

அதனால்தான் 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கி, 2007இல் தமிழ்நாடு முழுக்க வந்த செயல்வழிக் கற்றலை நான் முக்கியமாக நினைக்கிறேன். குறை நிறைய. அட்டையை எடு, அட்டையை வை என்று அதுவே ஒரு சடங்காகிப்போன பள்ளிகளும் உண்டு. ஆனால் சுவரின் கீழே, பிள்ளையின் உயரத்துக்கு, ஆளுக்கொரு பங்கு கரும்பலகை வந்தது. டீச்சர் பாயில் பிள்ளைகளோடு வட்டமாக உட்கார வேண்டும். தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டும். சேரிப் பிள்ளை ஊர்ப் பிள்ளைக்கு வகுத்தல் சொல்லித்தருது, நினைச்சுப் பாருங்க! தரையில உட்கார்ந்தா முட்டி வலிக்குதுன்னு பல ஆசிரியர்கள் சொன்னாங்க. சிலருக்கு வலி முட்டியில இல்ல.

நம் தோழர்களே கேட்கிறார்கள்: “களிமண்ணு, புளியங்கொட்டைன்னு விளையாட நம்ம புள்ள எதுக்குப் பள்ளிக்கூடம் போவணும்? இங்கிலீஷும் கணக்கும் குடுங்க.” இந்தச் சந்தேகம் நியாயமானது. 1937இல் வார்தாவில் காந்தி கைத்தொழில் வழிக் கல்வி என்றார். 1953இல் ராஜாஜி அரசு, கிராமத்துப் பிள்ளைக்குப் பள்ளியில் மூணு மணி நேரம் போதும், மீதி நேரம் அப்பன் தொழிலைக் கத்துக்கட்டும் என்றது. குலக்கல்வி என்று பெரியார் இயக்கம் கொதித்தது. 1954இல் காமராஜர் வந்துதான் அது ஒழிந்தது. நம் கைக்கு வேலை புதிதல்ல. கைக்கு வேலையும் மூளைக்குப் பூட்டும் என்பதே நமக்கு விதித்தது.

ஆனால் அப்பன் தொழிலுக்கு மகனைப் பழக்குவது வேறு, மகன் காந்தத்தை நாதாங்கியில் வைத்துப் பார்த்து ‘ஏன்’ என்று கேட்பது வேறு. முன்னதைக் காட்டிப் பின்னதை நாம் கைவிட்டால், அந்தப் பெட்டி பழையபடி ஊர்ப் பிள்ளைகளுக்கே போகும். செயல்பாடு என்று வந்தாலே கண்ணை மூடி வரவேற்கவும் கூடாது. “உன் அப்பா செய்யும் தொழிலை நடித்துக் காட்டு” என்று ஒரு செயல்பாடு நடத்துகிறார்கள். பறையடிக்கிறவர் பிள்ளையும் சாக்கடை அள்ளுகிறவர் பிள்ளையும் நாற்பது பிள்ளைகள் முன்னால் எதை நடிப்பது? நான் அதை நடத்துவதில்லை.

இப்போது என் தோல்வியையும் சொல்லிவிடுகிறேன். லிட்டர் பாடம். குடம், சொம்பு, டம்ளர் வச்சு, சொம்புக்கு எத்தனை டம்ளர்னு பிள்ளைங்களே ஊத்தி எண்ணுறாங்க. மறுநாள் ஊர்ப் பக்கத்துப் பாட்டி ஒருத்தர் வந்தார். “கணக்குச் சொல்லிக் குடு தாயி, வேணாங்கல. தண்ணியில எதுக்கு எல்லாக் கையும் படணும்?” தலைமையாசிரியர் நல்லவர்தான். “டீச்சர், பிரச்சனை எதுக்கு? மணலை வச்சு அளந்துடுங்களேன், கணக்கு ஒண்ணுதான” என்றார்.

கணக்கு ஒண்ணுதான். நானும் மணலை வைத்தேன். மூணு நாள் மணல் அளந்தோம். சண்டை இல்லை, சத்தம் இல்லை. நாலாம் நாள் காலனிப் பையன் ஒருத்தன் கேட்டான்: “தண்ணி என்னாச்சு டீச்சர்?” அவனுக்கு உண்மையிலயே தெரியலையா, தெரிஞ்சுதான் கேட்டானான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியல. பதில் சொல்ல முடியாம நின்னேன். அன்னைக்கு ராத்திரி அந்தக் காந்தம் நினைப்பு வந்துது, தண்ணி சொட்டச் சொட்ட.

மறுநாள் குடத்தை நானே நிரப்பிக் கொண்டுபோய் நடுவுல வச்சேன். தலைமையாசிரியர் எட்டிப் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லாமப் போயிட்டார். இருநூறு மில்லி டம்ளர், லிட்டருக்கு அஞ்சு. பத்து லிட்டர் அளந்து ஊத்தின குடத்துல ஐம்பது டம்ளர் வரணும். பங்குனி வெயில். எல்லாக் கையும் உள்ள போயி மொண்டுது, அந்தப் பாட்டியோட பேத்தி கையும்தான். எண்ணி முடிச்சா நாப்பத்தெட்டுதான் வருது. ரெண்டு டம்ளர் எங்கன்னு கேட்டேன். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. காலனிப் பையன் வாயைத் துடைச்சான். பேத்தியும் துடைச்சா.