பழைய உதிரியில் ஒரு மலைச் சைக்கிள்



நாம் சாதாரணமாக ஓட்டும் சைக்கிள் சமவெளிக்கு ஏற்றது. மலைப்பாதைக்கு அது சரிப்படாது. ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ள வேண்டும். இறக்கம் வந்தால் பிரேக் பிடிக்குமா என்று பயம். கல்லும் மண்ணும் கிடக்கும் தடத்தில் டயர் வழுக்கும். மலைப்பாதைக்கென்றே கடைகளில் சைக்கிள் விற்கிறார்கள். அகலமான டயர், கியர், உறுதியான பிரேம் எல்லாம் அதில் உண்டு. ஆனால் விலையைக் கேட்டால் நம்மில் பலர் பேசாமல் திரும்பி விடுவோம்.

விலை கூடிய வண்டிதான் மலை ஏறும் என்று யார் சொன்னது? பழைய உதிரிகளைக் கொண்டு நமக்கு ஏற்ற வண்டியை நாமே கட்டலாம். அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

மலைச் சைக்கிள் பிறந்த கதை

முதல் மலைச் சைக்கிள்களே பழைய வண்டிகள்தான். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் மரின் என்ற மாவட்டம் இருக்கிறது. மலைகள் நிறைந்த இடம். 1970-களில் அங்கிருந்த இளைஞர்கள் சிலர் 1930, 1940-களில் செய்த பழைய கனத்த சைக்கிள்களைத் தேடி வாங்கினார்கள். மட்கார்டு போன்ற தேவையற்ற பாகங்களைக் கழற்றினார்கள். அகலமான டயரோடு மலையில் இறங்கினார்கள்.

1976-ல் ஒரு செங்குத்தான மண் பாதையில் பந்தயம் வைத்தார்கள். அந்த வண்டிகளில் பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக் இருந்தது. ஒரு முறை இறங்குவதற்குள் பின் ஹப் கொதித்து, உள்ளே இருந்த கிரீஸ் புகைந்து போகும். ஒவ்வொரு முறையும் ஹப்பைப் பிரித்துப் புதிய கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அந்தப் பாதைக்கே "ரீபேக்" என்று பெயர் வந்தது. திரும்ப அடைப்பது என்று பொருள்.

பிறகு வேறு வண்டிகளின் நல்ல பிரேக்கையும் கியரையும் எடுத்துப் பொருத்தினார்கள். 1977-ல் ஜோ பிரீஸ் என்பவர் மலைக்கென்றே புதிய பிரேம் செய்தார். 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிள் பந்தயமும் சேர்ந்தது. ஓரம் கட்டிய பழைய வண்டியில் தொடங்கிய கதை இது.

முதலில் பிரேம்

வண்டிக்கு முதுகெலும்பு பிரேம். பழைய கியர் சைக்கிள்கள் பல வீடுகளில் துருப்பிடித்துக் கிடக்கின்றன. பிள்ளைகள் வளர்ந்துவிட்டால் யாரும் தொடுவதில்லை. பழைய இரும்புக் கடைக்கும் வருகின்றன. அப்படி ஒன்றை வாங்கலாம். ஆனால் பார்த்து வாங்க வேண்டும்.

இரும்பு பிரேமாக இருந்தால் நல்லது. உடைந்தால் நம் ஊர் வெல்டிங் பட்டறையில் ஒட்ட முடியும். அலுமினிய பிரேமைச் சாதாரண பட்டறையில் ஒட்டி மலையில் ஓட்டக் கூடாது. இரும்பா, அலுமினியமா என்று தெரியவில்லையா? ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது.

ஹேண்டில் நிற்கும் குழாயும் கீழ்க்குழாயும் சேரும் இடத்தைத் துணியால் துடையுங்கள். அங்கே பெயிண்ட் சுருங்கியிருந்தாலோ, குழாய் புடைத்திருந்தாலோ, அந்த வண்டி எங்கோ மோதியிருக்கிறது. விரிசல் தெரிந்தால் வேண்டாம்.

பிரேம் நேராக இருக்கிறதா என்று அறிய ஒரு நூல் போதும். பின் சக்கரத்தைக் கழற்றுங்கள். சக்கர அச்சு உட்காரும் வலது பள்ளத்தில் நூலைக் கட்டுங்கள். அதை முன்னே கொண்டுபோய் ஹேண்டில் குழாயைச் சுற்றி, இடது பள்ளத்துக்குக் கொண்டு வாருங்கள். நூல் இறுக்கமாக இருக்கட்டும். இப்போது சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இரு பக்கமும் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இருந்தால் பிரேம் நேர். ஓரிரு மில்லிமீட்டர் வித்தியாசம் பரவாயில்லை.

கடைசியாக உங்கள் உடம்புக்குப் பொருந்த வேண்டும். இரு காலையும் தரையில் ஊன்றி நின்றால், மேல் குழாய்க்கும் உங்களுக்கும் இடையே இரண்டு மூன்று அங்குலமாவது இடைவெளி வேண்டும். மேட்டில் திடீரென்று கால் ஊன்றும்போது அதன் அருமை தெரியும்.

எண்ணைப் படியுங்கள்

டயர் வாங்கும்போது பலர் ஏமாறுகிறார்கள். "26 இஞ்ச் டயர்" என்று கேட்டு வாங்குகிறார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் ரிம்மில் உட்காருவதில்லை. ஏன்?

26 என்ற எண் ஒன்றாக இருந்தாலும் ரிம் ஒன்றல்ல. டயரின் ஓரத்தில் உள்ள எழுத்தைப் படியுங்கள். 26 x 1.95 என்று இருந்தால் மலைச் சைக்கிள் டயர். 26 x 1 3/8 என்று இருந்தால் வேறு வகை. பக்கத்தில் இன்னோர் எண்ணும் இருக்கும். முதல் வகையில் 559, இரண்டாம் வகையில் 590. டயர் உட்காரும் இடத்தில் ரிம்மின் குறுக்களவு அது, மில்லிமீட்டர் கணக்கு. பழைய டயரில் உள்ள எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

ஏற்றத்துக்குப் பல் கணக்கு

கியர் என்பது பல் கணக்குதான். முன் செயின் வீலில் 44 பல், பின்னே 18 பல் என்று வைத்துக்கொள்வோம். 44-ஐ 18-ஆல் வகுத்தால் ஏறக்குறைய இரண்டரை. பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரம் இரண்டரைச் சுற்று சுற்றும். மலை டயரின் சுற்றளவு சுமார் 2 மீட்டர். ஆக ஒரு சுற்றுக்கு வண்டி 5 மீட்டர் போகும். சமவெளிக்கு இது சரி. ஏற்றத்தில் கால் கடுக்கும்.

முன்னே 24 பல், பின்னே 28 பல் என்று மாற்றுங்கள். ஒரு சுற்றுக்கு வண்டி 2 மீட்டர்கூடப் போகாது. மெதுவாகத்தான் போகும். ஆனால் உட்கார்ந்தபடியே ஏறலாம். ஆகவே பழைய கியர் வண்டி வாங்கும்போது 18 கியரா, 21 கியரா என்று பார்க்க வேண்டாம். முன்னே உள்ள சிறிய வீலின் பல்லையும், பின்னே உள்ள பெரிய வீலின் பல்லையும் எண்ணிப் பாருங்கள்.

செயினையும் அளந்து பாருங்கள். ஏதாவது ஓர் ஆணியின் நடுவில் ஸ்கேலை வையுங்கள். அங்கிருந்து 24 ஆணி தள்ளிப் பாருங்கள். புதிய செயினில் சரியாக 12 அங்குலம் இருக்கும். மாகாணி அங்குலம், அதாவது 1/16 கூடியிருந்தால் செயினை மாற்ற வேண்டும். அரைக்கால் அங்குலம் கூடியிருந்தால் பற்களும் தேய்ந்திருக்கும், செலவு கூடும்.

பிரேக்கில் சிக்கனம் வேண்டாம்

மற்றதில் எல்லாம் மிச்சம் பிடியுங்கள். பெயிண்ட் உரிந்திருக்கட்டும். சீட் கிழிந்திருந்தால் தைத்துக்கொள்ளலாம். ஆனால் பிரேக்கில் மிச்சம் பிடிக்காதீர்கள். ஏற்றத்தில் வண்டி மக்கர் செய்தால் தள்ளிக்கொண்டு போகலாம். இறக்கத்தில் பிரேக் விட்டால் அடுத்த வளைவில் பள்ளம் காத்திருக்கும்.

பளபளக்கும் இரும்பு ரிம் மழையில் நனைந்தால் பிரேக் சரியாகப் பிடிக்காது. அலுமினிய ரிம் நனைந்தாலும் அதைவிட நன்றாகப் பிடிக்கும். முன் சக்கரத்துக்காவது அலுமினிய ரிம் போடுங்கள். பிரேக் கட்டையும் கம்பியும் எப்போதும் புதிதாக இருக்கட்டும். கம்பியில் ஓர் இழை பிரிந்திருந்தாலும் மாற்றுங்கள். கட்டை ரிம்மில் மட்டும் படவேண்டும். டயரில் பட்டால் டயர் அறுந்துவிடும்.

புறப்படும் முன் முன் பிரேக்கை அழுத்திப் பிடித்து வண்டியை முன்னே தள்ளுங்கள். முன் சக்கரம் சுழலக் கூடாது. பின் பிரேக்கையும் இப்படியே பாருங்கள். இறங்கும்போது இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடியுங்கள்.

சீட் கம்பியிலும் ஹேண்டில் தண்டிலும் ஒரு கோடு போட்டிருக்கும். அந்தக் கோடு வெளியே தெரியும் அளவுக்கு உயர்த்தக் கூடாது.

செலவுக் கணக்கு

கையில் 4,000 ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விலை ஊருக்கு ஊர் மாறும். இது ஓர் உதாரணம்தான்.

பழைய வண்டி 1,300 ரூபாய். இரண்டு டயர், இரண்டு டியூப் 1,100 ரூபாய். முன் ரிம்மும் அதைக் கட்டும் கூலியும் 600 ரூபாய். செயின் 250 ரூபாய். பிரேக் கட்டை, கம்பி 250 ரூபாய். பால்ஸ், கிரீஸ் 150 ரூபாய். மொத்தம் 3,650 ரூபாய். மிச்சம் 350 ரூபாய். அதைத் தொடாதீர்கள். வண்டியைப் பிரித்த பிறகுதான் தெரியும் சில பழுதுகள்.

பழைய வண்டிக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்காதீர்கள். முழுப் பணத்தையும் வண்டிக்கே கொடுத்துவிட்டால், பிரேக் வாங்கக் காசு இருக்காது.

கூடிச் செய்வோம்

கோட்டம் எடுப்பது, ரிம் கட்டுவது போன்றவை பழகிய கை செய்ய வேண்டிய வேலை. அதைச் சைக்கிள் கடைக்காரரிடம் விடுங்கள். பக்கத்தில் நின்று பாருங்கள். மற்ற வேலைகளை நாமே செய்யலாம். பெடல் மாட்டும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். இடது பெடலின் மரை எதிர்த் திசையில் இருக்கும். தெரியாமல் முடுக்கினால் மரை கெட்டுவிடும்.

ஸ்பானர் செட், பம்பு, டயர் கழற்றும் பட்டை ஆகியவற்றை ஐந்து குடும்பம் சேர்ந்து வாங்கலாம். பெண்களும் ஸ்பானர் பிடிக்க வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டப் பழகினார்கள். ஓட்டத் தெரிந்தவருக்குப் பழுது பார்க்கவும் தெரிந்தால், பாதி வழியில் யாரையும் எதிர்பார்த்து நிற்க வேண்டாம்.

நாம் எழுதப் படிக்கக் கற்றோம். கூட்டல், வகுத்தல் கற்றோம். இன்றே நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பாகத்தின் பெயர், அளவு, விலை என்று மூன்று கட்டம் போடுங்கள். மூன்று கடையில் விலை கேட்டு எழுதுங்கள். அந்தப் பக்கம் நிரம்பிய பிறகே பணத்தை வெளியே எடுங்கள்.