உணரியும் உணர்த்தியும்



மின்னணுவியலைத் தமிழில் சொல்லிக் காட்டுக என்று அறைகூவல் விடுப்பார் இன்னும் உளர். சொல்லில்லை என்பது அவர்தம் முறையீடு. சொல் இருக்கின்றது, அதனைப் பட்டறை மேசைக்குக் கொண்டு செல்வார்தாம் குறைவு. ஆதலின் இன்று ஒரு சிறு மின்சுற்றே பேச்சுக்குப் பொருளாகின்றது. வீட்டின் மேல்தொட்டியில் நீர் குறைந்தவுடன் நீரேற்றியை ஓடச்செய்யும் சுற்று அது.

தொட்டியின் நீர்மட்டத்தை அறிவது உணரி. அதன் செய்தியைப் பெற்று முடிவெடுப்பது நுண்கட்டுப்படுத்தி. அம்முடிவை நீரேற்றிக்குச் சேர்ப்பது உணர்த்தி. பட்டறையில் 'ரிலே' எனப்படுவது. உணர்த்தி என்னும் சொல்லைப் பிழையென்று சிலர் தள்ளுவர். அக்கருவி எதனை உணர்கின்றது என வினவுவர். இலக்கணம் மறந்த வினா அது! உணர்தல் தன்வினை, உணர்த்துதல் பிறவினை. தான் அறிவது உணரி. பிறிதொன்றற்கு அறிவிப்பது உணர்த்தி. ஒரு 'த்து' இடைநின்று இரு கருவிகளைப் பிரித்துக் காட்டுகின்றது. 'ரிலே' என்னும் பிரெஞ்சு வழிச் சொல்லோ, ஓடிக் களைத்த குதிரைக்கு மாற்றாகப் புதுக்குதிரை நிறுத்திய வழக்கோடு உறவுடையது. அதனை வாய்ப்பாடம் செய்த இளைஞர்க்குக் குதிரையும் தெரியாது, கருவியும் விளங்காது.

உணர்த்தியின் உள்ளே இருப்பவை ஒரு கம்பிச்சுருள், ஓர் இரும்புத் தகடு, சில தொடுமுனைகள். சுருளில் மின்னோட்டம் பாய்ந்தால் அது காந்தமாகித் தகட்டை இழுக்கும், தொடுமுனைகள் கூடும். அமெரிக்க அறிஞர் சோசப்பு என்றி 1835-ஆம் ஆண்டளவில் இத்தகைய அமைப்பைச் செய்து காட்டினார். தொலைவரிக் கம்பியில் வலுக்குன்றிய குறிப்பைப் புது மின்கலத்தின் துணையால் மேலும் தொலைவுக்கு அனுப்ப இது பின்னர்ப் பயன்பட்டது.

இனிக் கணக்கு. 5 வோல்ட்டில் இயங்கும் சிறிய உணர்த்தியின் சுருள் ஏறத்தாழ 70 ஓம் தடையுடையது. ஐந்தை எழுபதால் வகுத்தால் 71 மில்லி ஆம்பியர். இன்று பயில்வோர் கையில் மிகுதியும் உலவும் எட்டிழை நுண்கட்டுப்படுத்தியின் வெளிமுனை இடரின்றித் தரவல்லதோ 20 மில்லி ஆம்பியரே. 40-ஐத் தாண்டினால் முனை கெடும். ஆகவே இடையில் ஒரு திரிதடையம் வேண்டும்.

1947-ஆம் ஆண்டின் இறுதியில் பெல் ஆய்வகத்தில் பார்தீனும் பிராட்டனும் கண்ட கருவி இது. 'டிரான்சிசுட்டர்' என்னும் பெயரும் 1948-இல் சொற்களை ஒட்டவைத்துப் புனைந்ததேயாகும். அவர்கள் ஒட்டினால் அறிவியல். தமிழர் திரிதலையும் தடையையும் ஒட்டினால் நகைப்பு!

உமிழ்ப்பானைத் தரைமுனையோடு இணைக்க. ஏற்பானைச் சுருளின் ஒரு முனையோடு இணைக்க. மறுமுனை 5 வோல்ட்டிற்குச் செல்லும். அடிவாய்க்கும் நுண்கட்டுப்படுத்தியின் வெளிமுனைக்கும் இடையே ஒரு தடை. அதன் அளவு எவ்வளவு? திரிதடையம் நூறு மடங்கு பெருக்கும் என்னும் நூற்செய்தியை நம்பி, அடிவாய்க்கு 0.7 மில்லி ஆம்பியர் மட்டும் கொடுப்பது பலரும் செய்யும் பிழை. அப்பெருக்கம் கருவிக்குக் கருவி வேறுபடும். முழுதும் திறந்த நிலையில் குறைந்தும் போகும். அரைகுறையாய்த் திறந்த திரிதடையம் தானும் சுடும், தகட்டையும் இழுக்கவிடாது. பதினைந்து, இருபது மடங்கென்று கொள்வதே நன்று. 1,000 ஓம் தடை வைத்தால், அடிவாயில் வீழும் 0.7 வோல்ட் போக, எஞ்சிய 4.3 வோல்ட்டால் 4.3 மில்லி ஆம்பியர் பாயும். அது போதும். அடிவாய்க்கும் தரைக்கும் இடையே 10,000 ஓம் தடை ஒன்றும் இருக்கட்டும். நுண்கட்டுப்படுத்தி விழித்தெழுமுன் நீரேற்றி தானே துடித்தெழாமல் அது காக்கும். உணர்த்திக்குத் தனி மின்வழங்கி வைப்போர் இரண்டின் தரைமுனைகளையும் இணைக்க மறந்துவிட்டு, திரிதடையத்தைப் பழிப்பதும் உண்டு.

எல்லாவற்றினும் இன்றியமையாதது இருமுனையம். கம்பிச்சுருள் தன்னுள் ஓடும் மின்னோட்டத்தை எளிதில் விடாது. திரிதடையம் சட்டென மூடும்போது, அவ்வோட்டத்தைத் தொடர முயன்று சுருள் நூறு வோல்ட்டிற்கு மேலும் மின்னழுத்தத்தை எழுப்பக்கூடும். 40 வோல்ட் தாங்கும் திரிதடையம் அதன்முன் எம்மட்டு? சுருளின் இரு முனைகட்கும் குறுக்கே ஓர் இருமுனையத்தை, கோடிட்ட முனை 5 வோல்ட் பக்கம் இருக்குமாறு வைத்தல் வேண்டும். சுருள் இயங்கும்போது அது வழிமறித்து வாளா இருக்கும். நிறுத்தும்போது எஞ்சிய ஓட்டம் சுற்றித் தணியும் வழியாகும். திசை மாற்றி வைத்தாலோ, திரிதடையம் திறந்தவுடன் மின்வழங்கல் நேரே தரையோடு குறுக்கிணையும். ஏதேனும் ஒன்று எரியும். 'பிரீவீலிங் டையோடு' என்று மட்டும் கற்ற மாணவர் எரித்தபின்னரே திசையறிகின்றார். 'சுற்றுவழி இருமுனையம்' என்று கேட்டவர், எவ்வழிச் சுற்று என்று வினவாமல் இரார். அவ்வினாவிலேயே திசை விளங்கிவிடும்.

தொடுமுனைகளில் 10 ஆம்பியர் என்று பொறித்திருத்தல் கண்டு பெரிய நீரேற்றியை நேரே இணைத்தல் ஆகாது. மின்னோடி புறப்படும்போது வழக்கமான ஓட்டத்தைப்போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும். தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொண்டால், தொட்டி வழிந்தாலும் நீரேற்றி நில்லாது. அவ்விடத்தில் உணர்த்தியானது, பெரிய தொடுப்பி ஒன்றின் சுருளை மட்டுமே இயக்குதல் வேண்டும். தொடுப்பி என்பதற்கு இதனினும் நல்ல சொல் உண்டெனின், அன்பர்கள் இவ்வவையிலேயே எழுந்து கூறலாம்.